பிலிப்பைன்ஸ் பொண்ணு வீட்டார் மலேசியா வர என்னென்ன வேணும்?

குடந்தைக்காரன் கேட்டது:

தம்பிக்கு நிச்சயதார்த்தம் வச்சிருக்கோம். தம்பி கப்பலில் செகண்ட் இன்ஜினியர். பொண்ணு பிலிப்பைன்ஸ், மணிலாவில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்குது. எங்க அத்தை கிள்ளானில் இருக்காங்க. மூட்டு ஆபரேஷன் ஆனதால் அவங்களால் நகர முடியாது. அதனால் ரெண்டு குடும்பமும் அத்தை வீட்டுக்கே போய்த் தாம்பூலம் மாத்திக்கலாம்னு பேசியாச்சு.

பொண்ணு பக்கம் மூணு பேர்: பொண்ணுக்கு 27 வயசு, அவங்க அம்மா, அப்புறம் 15 வயசில் ஒரு தம்பி. மணிலாவிலிருந்து கோலாலம்பூருக்கு ஃப்ளைட். எங்க பக்கம் அஞ்சு பேர், திருச்சியிலிருந்து. பத்து நாள் தங்கல். நடுவில் ரெண்டு நாள் சிங்கப்பூர் பார்த்துட்டு வரலாம்னு யோசனை.

பிலிப்பைன்ஸ்காரங்களுக்கு மலேசியாவுக்கு விசா வேண்டாம்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா பொண்ணு மட்டும் "மணிலாவிலேயே நிறுத்திடுவாங்க"ன்னு பயப்படுது. விசாவே வேண்டாங்கும்போது சொந்த நாட்டுலேயே எதுக்கு நிறுத்தணும்? எனக்குப் புரியலை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. டிக்கெட் இன்னும் போடலை.

———

மலைக்கோட்டை டிக்கெட் எழுதியது:

டிக்கெட் போடாம கேட்டது நல்லதாப் போச்சு. முதல்ல மலேசியா பக்கத்தை முடிச்சிடறேன், அது சுலபம்.

பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவில் 30 நாள் விசா இல்லாம தங்கலாம். ஆசியான் நாடுங்க தங்களுக்குள்ள வச்சிருக்கிற சலுகை அது. எல்லா நாட்டுக்கும் ஒரே கணக்குன்னு நினைச்சுக்காதீங்க, பிலிப்பைன்ஸ்காரங்க வியட்நாம் போனா 21 நாள், புருனே போனா 14 நாள்தான். மலேசியாவில் இறங்குற தேதியிலிருந்து பாஸ்போர்ட் ஆறு மாசமாவது செல்லணும். திரும்புற டிக்கெட் கையில் இருக்கணும். தங்குற இடத்து விலாசம் சொல்லத் தெரியணும்.

இதோட எம்டிஏசிங்கிற டிஜிட்டல் வருகை அட்டை. 2024 ஜனவரி 1லேருந்து கட்டாயம். காசு கிடையாது. இறங்குறதுக்கு மூணு நாளைக்குள்ளதான் போட முடியும், பத்து நாள் முன்னாடியே போட்டு வச்சுக்கலாம்னா தளம் ஏத்துக்காது. ஆளுக்கு ஒண்ணு, அந்த 15 வயசுப் பையனுக்கும் தனியா ஒண்ணு. கூகுள்ல தேடினா மேல வர்ற முதல் ரெண்டு மூணு தளம் காசு கேட்கும், அதெல்லாம் தரகர் கடை. முகவரி ஜிஓவி புள்ளி எம்ஒய்னு முடியணும், அதைப் பார்த்துட்டு உள்ளே போங்க.

இந்தப் படிவத்தில் நம்ம ஊர்க்காரங்க அடிக்கடி தப்பு விடற இடம் வந்து சேர்ற தேதி. திருச்சியில் ராத்திரி ஃப்ளைட் ஏறினா அங்கே இறங்குறப்போ மறுநாள் ஆயிடும், மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால ஓடுது. டிக்கெட்ல இருக்கிற புறப்படற தேதியை அப்படியே போட்டுட்டா கவுண்டர்ல மறுபடியும் நிரப்பச் சொல்வாங்க. மணிலாவுக்கும் கோலாலம்பூருக்கும் நேர வித்தியாசமே இல்லை, அதனால் பொண்ணு வீட்டுக்கு இந்தக் குழப்பம் கிடையாது.

பேர் விஷயம். பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்ல அம்மாவோட பிறந்த வீட்டுக் குடும்பப் பேர் நடுப்பேரா வரும், அப்பா வழிப் பேர் கடைசியில. டிக்கெட் போடறப்போ நடுப்பேரைக் குடும்பப் பேர் கட்டத்தில் போட்டுடாதீங்க. நம்ம பக்கம் நேர் எதிரா ஒரு சிக்கல் இருக்கு: பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் கட்டமே காலியா இருக்கும். அந்த மாதிரி ஆளுக்கு ஏர்லைன் என்ன முறை வச்சிருக்குன்னு பார்த்துட்டு டிக்கெட் போடுங்க. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை.

உங்க அஞ்சு பேருக்கு: இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1லேருந்து 30 நாள் விசா விலக்கு கொடுத்திருக்கு, 2026 டிசம்பர் 31 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. எம்டிஏசி உங்களுக்கும் உண்டு. யாராவது பத்தாவது முடிக்காதவங்க இருந்தா பாஸ்போர்ட்ல இசிஆர்னு (குடிபெயர்வுச் சோதனை தேவைங்கிற குறி) இருக்கும். மலேசியா அந்த இசிஆர் நாடுகள் பட்டியல்ல இருக்கு. சுற்றிப் பார்க்கப் போறவங்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. ஆனா திருச்சி கவுண்டர்ல திரும்புற டிக்கெட்டை இவங்ககிட்ட கட்டாயம் கேட்பாங்க, அதனால பிரிண்ட் எடுத்து வச்சுக்குங்க.

இன்னொண்ணு. நிச்சயதார்த்தம்னா நகை போகும். திரும்பி வர்ற நகைக்குப் புறப்படும்போதே திருச்சி கஸ்டம்ஸ்ல ஏற்றுமதிச் சான்று வாங்கிடுங்க. பில்லும் நகையும் காட்டணும். வரும்போது அதே நகைக்குத் தீர்வை கட்டச் சொல்லி நிக்கவச்சா அந்த ஒரு தாள்தான் பேசும். திருச்சியில் தங்கம்னா எவ்வளவு உத்துப் பார்ப்பாங்கன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மணிலாவில் நிறுத்தற கதையைத் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

———

தரங்கை அலை எழுதியது:

பொண்ணு பயப்படறது நியாயம்தான். மலேசியா கதவு திறந்துதான் இருக்கு, பூட்டு மணிலா ஏர்போர்ட்ல இருக்கு.

பிலிப்பைன்ஸ்ல வெளிநாடு போற ஒவ்வொருத்தரையும் அந்த நாட்டு இமிகிரேஷன் புறப்படும்போதே சோதிக்கும். டூரிஸ்ட்னு சொல்லிப் போய் வேலைக்கு மாட்டிக்கிறது, ஆள் கடத்தல், ஏமாத்துக் கல்யாணம், இதையெல்லாம் தடுக்க ஒரு கூட்டு அமைப்பு விதி போட்டிருக்கு. 2012ல வந்து 2015ல திருத்தினது. 2023ல இன்னும் கடுமையா ஒரு பட்டியல் கொண்டுவந்தாங்க, ஜனங்க போட்ட சத்தத்தில் அமலுக்கு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தி வச்சுட்டாங்க. இப்போ நீங்க இணையத்தில் பார்க்கிற நீளமான பட்டியல்ல பாதி அந்த நிறுத்தி வச்ச விதியிலிருந்து வந்தது. அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

நடைமுறை இதுதான். முதல் கவுண்டர்ல பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், திரும்புற டிக்கெட் பார்ப்பாங்க. "எதுக்குப் போறீங்க, யார்கூட, எத்தனை நாள், என்ன வேலை" நாலு கேள்வி. பதில் சரியா இருந்தா முத்திரை. சந்தேகம் வந்தா ஓரமா இருக்கிற இரண்டாம் விசாரணைக்கு அனுப்பி ஒரு படிவம் கொடுப்பாங்க. அங்கே வயசு, படிப்பு, பயணச் செலவுக்கு வக்கு இருக்கான்னு மூணையும் எடை போடுவாங்க. அதில் தவறினா அன்னைக்கு ஃப்ளைட் கிடையாது, டிக்கெட் காசும் போச்சு. அவங்க ஊர்ல இதுக்குப் பேரே "ஆஃப்லோட்".

இப்போ உங்க விஷயத்துக்கு வர்றேன். வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கப்போறவங்க, கட்டிக்கிட்டவங்க, அவரைப் பார்க்கவோ கல்யாணம் பண்ணவோ நாட்டை விட்டுப் போறப்போ சிஎஃப்ஓன்னு ஒரு அரசு ஆணையத்தோட ஆலோசனைச் சான்றிதழ் வச்சிருக்கணும். வெளிநாடுவாழ் பிலிப்பினோ ஆணையம் அது. சான்றிதழ் இல்லாம போய் "என் வருங்கால வீட்டுக்காரரைப் பார்க்கப் போறேன்"னு சொன்னா நேரா இரண்டாம் விசாரணைதான். 2016ல ஏமாத்துக் கல்யாணத் தரகை ஒடுக்க ஒரு சட்டமும் வந்திருக்கு, அதுக்கப்புறம் இதை லேசா விடறதில்லை. "விசா வேண்டாத நாடுதானே, பத்து நாள்தானே"ங்கிற வாதம் அங்கே எடுபடாது.

சான்றிதழ் வாங்கற வழி: ஆணையத்தோட தளத்தில் பொண்ணு பதிவு பண்ணணும். பாஸ்போர்ட், அடையாள அட்டை, உங்க தம்பியோட பாஸ்போர்ட் நகல், ரெண்டு பேரும் பழகினதுக்கு ஆதாரம். நேர்ல சந்திச்ச படம், பழைய டிக்கெட், இதெல்லாம் வைக்கலாம். அப்புறம் ஆலோசகர் ஒருத்தர் உட்கார்ந்து பேசுவார். எங்கே சந்திச்சீங்க, அவர் வேலை என்ன, சம்பளம் என்ன, முன்னாடி கல்யாணம் ஆனவரா, அவங்க வீட்டுப் பழக்கவழக்கம் தெரியுமா. உங்க தம்பி கப்பல்ல எந்தப் பதவி, வருஷத்தில் எத்தனை மாசம் கடல்ல இருப்பார், கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு எங்கே இருக்கும்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கணும். கும்பகோணம்னு ஒரு ஊர் இருக்கறதும், மாமியார் யாருன்னும் தெரியாம உட்கார்ந்தா சான்றிதழ் தள்ளிப்போகும். நாள் கிடைக்கிறது நம்ம கையில் இல்லை, ஒரு மாசம் முன்னாடியே பதிவு பண்ணச் சொல்லுங்க. சான்றிதழ் கைக்கு வந்தப்புறம் டிக்கெட் போடுங்க. வரிசை மாறினா நஷ்டம்.

சில பேர் "நிச்சயதார்த்தம்னு சொல்லாதே, ஃப்ரெண்ட்ஸோட டூர்னு சொல்லு"ன்னு குறுக்கு வழி சொல்வாங்க. கேட்காதீங்க. ஃபோனை வாங்கிப் பார்ப்பாங்கன்னு பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. விசாரணையில் அம்மாவைத் தனியா, பொண்ணைத் தனியா கேட்பாங்க. அம்மா சம்பந்தின்னு சொல்லி, பொண்ணு டூர்னு சொன்னா முடிஞ்சது கதை. பொய் சொன்னதா பதிவாயிட்டா அடுத்த தடவையும் அது முன்னால வந்து நிக்கும்.

பொண்ணு கையில் இருக்க வேண்டிய மத்த தாள்: வேலைச் சான்று, லீவு அனுமதிக் கடிதம், கடைசி ரெண்டு மூணு சம்பளச் சீட்டு, கம்பெனி அடையாள அட்டை. "இவ்வளவு பணம் காட்டணும்"னு எழுதின தொகை கிடையாது. பத்து நாள் செலவுக்கு ஒத்துவர்ற மாதிரி பேங்க் இருப்பு இருந்தா போதும். முந்தின நாள் திடீர்னு பெரிய தொகை விழுந்திருந்தாத்தான் கேள்வி வரும்.

புறப்படறதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு வேலை. ஒண்ணு இடிராவல்னு அவங்க அரசு நடத்துற ஆன்லைன் பயணப் பதிவு, கிளம்பறதுக்கு 72 மணி நேரத்துக்குள்ள, இலவசம், க்யூஆர் வரும். திரும்பி வரும்போதும் அதே மாதிரி. ரெண்டாவது பயண வரி: எகானமி டிக்கெட்டுக்கு ஆளுக்கு 1,620 பெசோ. 2 முதல் 12 வயசு வரைக்கும் பாதி, 15 வயசுப் பையனுக்கு முழுசு. மூணு பேருக்கு 4,860 பெசோ. சில ஏர்லைன்ல டிக்கெட்டோடயே சேர்த்துடுவாங்க, சேர்க்காத டிக்கெட்னா ஆன்லைன்லயோ ஏர்போர்ட் கவுண்டர்லயோ கட்டணும். டிக்கெட் வந்ததும் வரி விவரத்தைப் பிரிச்சுப் பாருங்க, இல்லேன்னா செக்கின் வரிசையிலிருந்து திரும்ப ஓடணும். பெசோவாக் கையில் 50,000க்கு மேல வெளியே எடுத்துட்டுப் போகக் கூடாது.

பையன் விஷயம்: அம்மாகூட வர்றதால சமூகநலத் துறை அனுமதி தேவையில்லை. அம்மா கடைசி நேரத்தில் வரலைன்னு அக்காகூட மட்டும் அனுப்பினா, 18 வயசுக்குக் கீழே இருக்கிறதால அந்த அனுமதி இல்லாம ஏத்தவே மாட்டாங்க. எப்படியும் அவங்க அரசுப் புள்ளிவிவர ஆணையம் (பிஎஸ்ஏ) கொடுக்கிற பிறப்புச் சான்று மூணு பேரோடதும் எடுத்து வரச் சொல்லுங்க. யாருக்கு யார் அம்மான்னு ஒரே பார்வையில் தெரியும்.

———

குடந்தைக்காரன் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணே. இவ்வளவு இருக்கும்னு நினைக்கவே இல்லை. அத்தை பேர்ல "செலவு என்னோடது"ன்னு ஒரு உறுதிக் கடிதம் எழுதிக் கொடுத்தா பொண்ணு வீட்டுக்கு உதவுமா? இல்லேன்னா நான் இங்கே கும்பகோணத்தில் நோட்டரிகிட்ட எழுதித் தரவா? தம்பி கப்பலிலிருந்து இறங்கி நேரா கிள்ளானுக்கே வந்துடறேங்கிறான், அது சரி வருமா?

———

தரங்கை அலை எழுதியது:

உறுதிப் பத்திரத்துக்கு அங்கே மதிப்பு எப்போன்னா, எழுதறவர் பயணிக்கு நாலாம் படி உறவுக்குள்ள சொந்தமா இருக்கணும், இரத்த வழியோ கல்யாண வழியோ. உங்க அத்தை, கல்யாணப் பொண்ணுக்கு இன்னும் சொந்தமே ஆகலை. நீங்களும் ஆகலை. அதனால அந்தப் பத்திரத்தை நம்பி வராம, பொண்ணு சொந்தச் சம்பளத்தில் வர்றதா காட்டறதுதான் பலம். வேலையில் இருக்கிற பொண்ணு வேற, அது போதும். பொண்ணு தன் அம்மாவுக்கும் தம்பிக்கும் தானே செலவு பண்றேன்னு சொன்னா அது பொருந்தும், பிறப்புச் சான்று அதை நிரூபிச்சிடும்.

அத்தைகிட்ட அழைப்புக் கடிதம் மட்டும் வாங்குங்க. இந்த இந்தத் தேதியில், என் வீட்டில், நிச்சயதார்த்தத்துக்குன்னு நாலு வரி, கூட அவங்க மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) நகல். அது மணிலாவுக்கும் உதவும், கோலாலம்பூருக்கும் உதவும்.

நோட்டரி பத்தி: நோட்டரி முத்திரை மட்டும் குத்தின தாள் பிலிப்பைன்ஸ்ல வெறும் தாள். நம்ம வெளியுறவு அமைச்சகத்தோட அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாகிற சான்று முத்திரை, வாங்கினாத்தான் செல்லும். அதுக்கு முன்னாடி மாநில அளவில் ஒரு சரிபார்ப்பு வேற. ரெண்டு நாடும் அந்த அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கு, பிலிப்பைன்ஸ் 2019 மே மாசம் சேர்ந்துச்சு. இந்தப் பயணத்துக்கு உங்களுக்கு அது வேண்டாம். கல்யாணப் பதிவு வரும்போது கட்டாயம் வேணும், அப்போ செலவு பண்ணுங்க.

தம்பி இறங்கற விஷயத்தில் கவனம். கப்பல்ல பணி முடிஞ்சு சைன்-ஆஃப் ஆகிற ஆளை ஏஜென்ட் ஊருக்கு அனுப்பி வைக்கிற ஏற்பாட்டில்தான் இறக்குவாங்க. அதே மூச்சில் டூரிஸ்டா பத்து நாள் தங்கறேன்னா சிக்கல். ஊருக்கு வந்துட்டு உங்களோட திருச்சியிலேருந்து வரட்டும். சைன்-ஆஃப் தேதி தள்ளிப்போறது கப்பல் வேலையில் சகஜம், தாம்பூலத் தேதிக்கும் அதுக்கும் நடுவில் பதினைஞ்சு நாளாவது விட்டு வையுங்க.

நீங்க கேட்காத ஒண்ணு. அத்தைக்காகத்தான் கிள்ளான், சரி. அந்த நிர்ப்பந்தம் மட்டும் இல்லேன்னா நான் மணிலாவையே சொல்லியிருப்பேன். 2025 ஜூன் 8லேருந்து இந்தியர்களுக்குப் பிலிப்பைன்ஸ் 14 நாள் விசா இல்லாம திறந்தாச்சு: ஆறு மாச பாஸ்போர்ட், தங்குமிட உறுதி, திரும்புற டிக்கெட், செலவுக்குப் பணம், நீட்டிப்பு கிடையாது. நீங்க போனா அந்தப் பொண்ணு ஏர்போர்ட் பக்கமே போக வேண்டியதில்லை.

———

கிள்ளான் கோதை எழுதியது:

பூர்வீகம் மன்னார்குடி, இருக்கிறது கிள்ளான். மலேசியாவுக்குள்ள நடக்கிறதை நான் சொல்றேன்.

கவுண்டர்ல ரெண்டு ஆள்காட்டி விரல் ரேகையும் எடுப்பாங்க. மருதாணி போட்டுட்டு வராதீங்க, ரேகை சரியா விழாம மெஷின் தகராறு பண்ணும். நிச்சயத்துக்கு வர்ற பொம்பளைங்க இதைத்தான் முதல்ல செய்வீங்க, அதான் சொல்றேன். இங்கே வந்து போட்டுக்குங்க, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் போட்டுவிட ஆள் இருக்காங்க.

"எங்கே தங்கல்"னு கேட்டா அத்தை வீட்டு முழு விலாசம், அஞ்சு இலக்க அஞ்சல் எண், ஃபோன் நம்பர் சொல்லணும். எம்டிஏசியில் மாநிலம் சிலாங்கூர், ஊர் கிள்ளான். கோலாலம்பூர்னு போட்டுட்டு வாயில கிள்ளான்னு சொன்னா வேற கேள்வி வரும். பொண்ணு வீட்டார் கவுண்டர்ல "வேலை"ங்கிற சொல்லை எந்தச் சாக்கிலும் இழுக்க வேண்டாம். விசா இல்லாம வர்றவங்களுக்குக் கொடுக்கிற டூரிஸ்ட் பாஸ்ல வேலை பார்க்க அனுமதி இல்லை, நுழையவிடாம திருப்பி அனுப்பறதுக்கு முக்கியக் காரணமே அந்தச் சந்தேகம்தான்.

சாமான்: வெத்தலை, மல்லிப்பூ, வாழைக்காய், தேங்காய்னு சீர்த்தட்டை அப்படியே கும்பகோணத்திலேருந்து கட்டிட்டு வரணும்னு ஆசைப்படாதீங்க. பச்சை இலை, பூ, பழத்துக்கெல்லாம் தாவரச் சோதனை அனுமதி வேணும், இல்லேன்னா பறிமுதல். கொழுந்து வெத்தலை போனா மனசு தாங்காது. ஜாலான் தெங்கு கிளானா தெருவில் பூமாலையிலேருந்து தட்டு வரைக்கும் எல்லாம் கிடைக்குது. டிகிரி காப்பித் தூளு தாராளமா கொண்டாங்க. பிலிப்பைன்ஸ்காரங்க கையோட இறைச்சிப் பண்டம் கொண்டுவருவாங்க, வறுத்த பன்னித் தோல் அவங்களுக்கு நம்ம முறுக்கு மாதிரி. இறைச்சிக்கும் அனுமதி வேணும், வேண்டாம்னு சொல்லிடுங்க. காஞ்ச மாம்பழம் பாக்கெட் வரலாம், அது எங்களுக்கும் பிடிக்கும்.

———

மலைக்கோட்டை டிக்கெட் எழுதியது:

சிங்கப்பூர் பத்தி யாரும் சொல்லலை. வேடிக்கை என்னன்னா, இங்கே பொண்ணு வீட்டுக்கு விசா வேண்டாம், 30 நாள் சும்மா போகலாம். உங்க அஞ்சு பேருக்குத்தான் விசா வேணும். அனுமதி பெற்ற ஏஜென்ட் வழியா போடணும், 14ஏ படிவம், 35க்கு 45 மில்லிமீட்டர் போட்டோ, அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி, ஏஜென்ட் கூலி தனி. ஊர்லேயே முடிச்சுட்டுப் போங்க, கிள்ளானில் உட்கார்ந்துட்டு யோசிக்காதீங்க.

எல்லா எட்டுப் பேரும் சிங்கப்பூர் வருகை அட்டை போடணும், இறங்குற நாளையும் சேர்த்து மூணு நாளைக்குள்ள, அதுவும் இலவசம். அப்புறம் மறந்துபோறது: திரும்ப மலேசியாவுக்குள்ள நுழையறப்போ முதல்ல போட்ட எம்டிஏசி செல்லாது. புதுசா ஒண்ணு போடணும். பஸ்ல போனா மலேசியா எல்லையில் ஜொகூர்ல ஒரு தடவை, சிங்கப்பூர் எல்லையில் உட்லண்ட்ஸ்ல ஒரு தடவை மூட்டை முடிச்சோட இறங்கி ஏறணும். தம்பி கப்பல்காரர், சிகரெட் பழக்கம் இருந்தா சிங்கப்பூருக்குள்ள தீர்வை இல்லாம ஒரு பாக்கெட்கூடக் கொண்டுபோக முடியாது. மலேசியாவிலேருந்து வர்றவங்களுக்கு மதுச் சலுகையும் கிடையாது. கசகசா பொட்டலம் பையில் இருந்தா கிள்ளானிலேயே அத்தை வீட்டு அடுப்படியில் வச்சுட்டுப் போங்க.

———

குடந்தைக்காரன் எழுதியது:

பொண்ணுகிட்ட பேசிட்டேன். சிஎஃப்ஓ பதிவு நாளைக்கே பண்ணிடறேன்னு சொல்லுது. அம்மா பாஸ்போர்ட் எடுத்துப் பார்த்தா இன்னும் ஏழு மாசம்தான் இருக்கு. நாங்க போறது மூணு மாசம் கழிச்சு.

———

மலைக்கோட்டை டிக்கெட் எழுதியது:

இறங்குற அன்னைக்கு நாலு மாசம்தான் மிச்சம் இருக்கும், செக்கின்லேயே நிறுத்திடுவாங்க. இப்போவே புதுப்பிக்கச் சொல்லுங்க, பழைய நம்பர் வச்சு எந்தப் படிவமும் போடாதீங்க. அம்மா டிக்கெட்டும் புது பாஸ்போர்ட் வந்தப்புறம்தான்.